மூன்று மடக்கு ஆற்றுத் தண்ணீர்

என் இதயம் நன்றாக இருக்கிறது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தஞ்சாவூரில் மூன்று நாள் படுத்திருந்தபோது ஆறு பேர் இதையே சொல்லியும் நான் நம்பவில்லை. நம்பாமல் இருக்க எனக்குத் தொழில்முறையில் காரணம் உண்டு. இருபத்தைந்து வருடமாகப் பம்ப்செட் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிறவன் நான். "நேத்து வரைக்கும் நல்லாத்தாங்க ஓடிச்சு" என்று சொல்லாமல் மோட்டாரை இறக்கிய விவசாயி கிடையாது. பிரித்துப் பார்த்தால் உள்ளே கரிக்கட்டையாக இருக்கும். அதனால் ஒன்றை நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், என் கை தானாக ஸ்க்ரூ டிரைவரைத் தேடும்.

தை பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. வீட்டை ஒட்டிய பட்டறையில் ஒரு மோட்டாரைத் தொட்டியில் வைத்து ஓடவிட்டேன். குழாய் வாயில் தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது. கொட்டினால் சந்தோஷப்பட வேண்டும், அதற்குத்தான் கூலி. எனக்கோ உள்ளங்கை வேர்த்தது. விரல் நுனிகள் மரத்தன. மூச்சு உள்ளே போனது, வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. நெஞ்சுக்குள் பேரிங் போன மோட்டாரின் சத்தம். தரையில் உட்கார்ந்து, "கலா, நான் போறேன்!" என்று கத்தினேன்.

என் மனைவி அடுப்படியிலிருந்து, "எங்க போறீங்க? சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள்.

இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தின் கடைசி வார்த்தை இதுவாகத்தான் இருக்கும் என்று அந்த வேதனையிலும் தோன்றியது.

தஞ்சாவூருக்குக் காரில் போகும்போது, சாலியமங்கலம் தாண்டுவதற்குள் மூன்று தடவை செத்தேன். ஆஸ்பத்திரியில் கையிலும் காலிலும் கவ்வி, நெஞ்சில் குமிழ்கள் என்று மாட்டி ஈசிஜி எடுத்தார்கள். சரியாக இருந்தது. ரத்தம் எடுத்து ட்ரோபோனின் பார்த்தார்கள். இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கசிகிற ஒரு பொருள் அது. கசியவில்லை. சில மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தார்கள், அப்போதும் கசியவில்லை. எக்கோ என்று நெஞ்சில் பிசினைத் தடவி, இதயம் அசைவதைத் திரையில் காட்டினார்கள். கறுப்பு வெள்ளையில் ஒரு தவளை வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. "நல்லா பம்ப் பண்ணுதுப்பா" என்றாள் எக்கோ எடுத்த பெண். பம்ப்பைப் பற்றி எனக்கே சொல்கிறாள்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே டாக்டரும் கலாவும் பேசிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் என்னவோ சொன்னார்; கலா சிரித்தாள். சாகப்போகிறவனைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று ஒரு மனம் சொன்னது. சாகப்போகிறவனுக்குத் தெரியக் கூடாதென்றுதான் சிரிக்கிறாள் என்றது இன்னொரு மனம். இரண்டாவதுதான் ஜெயித்தது. அதற்கு ஆதாரமும் கிடைத்தது: சாயங்காலம் கலா எனக்கு இட்லியைப் பிட்டு ஊட்டினாள். கல்யாணத்தன்று போட்டோக்காரர் சொல்லி ஊட்டியதற்குப் பிறகு அவள் எனக்கு எதையும் ஊட்டியதில்லை.

"எத்தனை நாள்னு சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"நாளைக்கே போகலாம்னுதான் சொன்னாங்க. நீங்கதான் கட்டிலைப் புடிச்சிக்கிட்டு வரமாட்டேங்கிறீங்க."

"போகலாம்னா, எங்க?"

"வாயை மூடிக்கிட்டு மெல்லுங்க."

பக்கத்துக் கட்டிலில் பட்டுக்கோட்டை தேங்காய் வியாபாரி ஒருவர். நிஜமாகவே இதயக் குழாயில் அடைப்பு வந்து, அதை விரித்து உள்ளே சின்னக் கம்பிக்கூடு வைத்தவர். எனக்கு அவர்மேல் ஒரு பொறாமைகூட இருந்தது; அவருக்கு ரிப்போர்ட் இருந்தது. இரண்டாம் நாள் என் புலம்பலைக் கேட்டுச் சலித்துப்போய், எழுந்து வந்து என் கட்டிலில் உட்கார்ந்தார். "தம்பி, நாப்பது வருஷமா காய் தட்டிப் பார்க்கிறவன் நான். சட்டையைத் திற" என்றார். விரலை மடக்கி நெஞ்சில் இரண்டு தட்டு தட்டிக் காதை வைத்தார்.

"காய் நல்ல காய். ஓடும் கெட்டி. ஆனா உள்ள தண்ணி ஆடுது."

நர்ஸ் வந்து அதட்டும்வரை சிரித்தேன். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். சிரிப்பு போய்விட்டது. அவர் எதைச் சொன்னாரோ தெரியாது, ஆனால் உள்ளே தண்ணீர் ஆடத்தான் செய்தது.

ஐப்பசி அடைமழையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். இதற்கு என்னிடம் இரண்டு பதிப்புகள் உண்டு.

டீக்கடைப் பதிப்பு இது. நானும் என் மச்சினன் செந்திலும் ஒரு மோட்டாரை மொபெட்டில் கட்டிக்கொண்டு வெண்ணாற்றுத் தரைப்பாலத்துக்கு வருகிறோம். ஆற்றை ஒட்டித் தாழ்வாகப் போட்ட பாலம். வெள்ளம் கூடினால் பாலத்தின் மேலேயே தண்ணீர் ஓடும். ஓடியது. "சுத்திப் போயிடலாம் மாமா" என்கிறான் செந்தில். "முழங்கால் தண்ணிடா, இதுக்குப் போயி ஆறு கிலோமீட்டர் சுத்தறதா?" என்கிறேன் நான். பாதிப் பாலத்தில் வண்டி, மோட்டார், நாங்கள் எல்லாரும் ஆற்றில். "மோட்டாருக்கும் நீச்சல் தெரியல, மொபெட்டுக்கும் தெரியல, எனக்கு மட்டும் ஒரு பூவரச மரத்தோட பழக்கம் இருந்துச்சு" என்று முடிப்பேன். கடை சிரிக்கும்.

இன்னொரு பதிப்பை யாருக்கும் சொன்னதில்லை. என் ஒரு கையில் பூவரசங்கிளை. மறு கையில் செந்திலின் மணிக்கட்டு. பிறகு மறு கையில் ஒன்றும் இல்லை. அவன் கை வழுக்கியதா, நான் விட்டேனா? இரண்டுக்கும் நடுவில் ஒரு நொடி இருந்திருக்கும். அந்த நொடி மட்டும் என் தலையில் இல்லை.

செந்தில் பிழைத்துக்கொண்டான். கீழே அடுத்த மதகில் வாத்து மேய்ப்பவர்கள் இழுத்துப் போட்டார்கள். தோள் எலும்பு முறிவு. கட்டுப் பிரித்த பிறகும் அவன் பட்டறைக்கு வரவில்லை. "தோள் ஆறட்டும் மாமா" என்றான். பத்து வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து காயில் சுற்றியவன், மூன்று மாதமாக வாசல்படி ஏறவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்தான்; சாத்துக்குடிப் பையோடு கட்டிலின் கால்மாட்டிலேயே நின்றான்; டீ குடிக்கப் போகிறேன் என்று போனவன் திரும்பவில்லை. அவனுக்குத் தெரியும் என்று முடிவுகட்டினேன். அக்காவிடமும் சொல்லியிருப்பான். அதனால்தான் இட்லி ஊட்டுகிறாள். இது பாசம் இல்லை, விசாரணைக்கு முந்தைய உபசாரம்.

மூன்றாம் நாள் பில்லைப் பார்த்தபோது நிஜமாகவே நெஞ்சு வலித்தது. அதற்கு யாரும் ஈசிஜி எடுக்க முன்வரவில்லை. அதே கட்டடத்தின் மாடியிலிருந்த மனநல மருத்துவரிடம் அனுப்பினார்கள். நெஞ்சு வலித்தால் முதலில் இதயத்தைத்தான் பார்க்க வேண்டும், அதில் தப்பே இல்லை. அங்கே ஒன்றும் இல்லையென்றால் மாடி ஏறக் கூச்சப்படாதீர்கள் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு ஏறினேன். ஏறியவர்கள் எல்லாரும் அப்படித்தான் ஏறினோம். மாடியில் ஏதோ கொள்ளைக் கூட்டம் கூடியதுபோல் இருந்தது.

டாக்டரம்மாவுக்கு என் வயதில் பாதிகூட இருக்காது. "உங்களுக்கு வந்தது பேனிக் அட்டாக்குங்க" என்றார்.

"அப்ப நான் நடிக்கிறேங்கிறீங்க."

"இல்லைங்க. நிஜமா ஆபத்து வந்தா உடம்பு என்னென்ன செய்யுமோ அத்தனையும் செய்யுது. ஆபத்து மட்டும்தான் இல்ல."

கொஞ்சம் யோசித்தேன். "அதாவது மோட்டார் நல்லாருக்கு. ஓவர்லோடு ரிலேதான் சும்மா சும்மா ட்ரிப் ஆவுது." ரிலே என்பது மின்சாரம் அதிகமாகப் பாய்ந்தால் மோட்டார் கருகாமல் நிறுத்திவிடுகிற கருவி. ஒருமுறை பெரிய அடி வாங்கிய ரிலே, அப்புறம் சின்ன ஏற்றத்துக்கும் பயந்து படக்கென்று நிறுத்தும்.

"கரெக்ட்" என்று எழுதிக்கொண்டார். வேறு யாருக்கோ சொல்வதற்காக என் உதாரணத்தைத் திருடுகிறார் என்று சந்தேகம் வந்தது.

அடி எது என்று கேட்டார். டீக்கடைப் பதிப்பைச் சொன்னேன். பூவரச மரம் வந்த இடத்தில் அவர் சிரிக்கவில்லை. அந்த இடத்தில் சிரிக்காத முதல் ஆள்.

"செந்தில் எந்தப் பக்கம் இருந்தார்?"

"டாக்டர், மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னயா, பின்னயா?"

"பின்ன" என்றார். "சொல்ல அவசரமில்லைங்க. ஆனா ஒருநாள் அந்த இடத்துக்குப் போய் நிக்கணும். தனியா வேணாம், கூட ஒருத்தர் இருக்கட்டும்." மூச்சு விடவும் சொல்லிக் கொடுத்தார்: நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே.

வீடு திரும்பிய மறுநாளே கலா என்னை அம்மன் கோயில் பூசாரியிடம் இழுத்துப் போனாள். பூசாரி, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். திருநீற்றுப் பொட்டலத்தை இன்றைக்கும் டிக்கெட் கிழிப்பதுபோலத்தான் கிழிப்பார். செவ்வாய்க்கிழமை கூட்டத்தை, "உள்ள தள்ளிப் போங்க, உள்ள எடம் இருக்கு" என்றுதான் ஒழுங்குபடுத்துவார். என் மணிக்கட்டைப் பிடித்துக் கண்ணை மூடினார். வேப்பிலையால் தலையிலிருந்து கால்வரை மூன்று தரம் இறக்கினார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கப் பயமாகவும் இருந்தது.

"பயம் உன்கிட்ட இல்ல தம்பி" என்றார். "விழுந்த எடத்துலயே உக்காந்திருக்கு. லக்கேஜை வண்டியில விட்டுட்டு நீ மட்டும் எறங்கி வந்துட்ட."

"இப்ப என்ன செய்யணும்?"

"விழுந்த எடத்து ஓடுற தண்ணி வேணும். வெள்ளிக்கிழமை பகல்ல அரிவாளைப் பழுக்கக் காய்ச்சி அதுல முக்கித் தரேன். மூணு மடக்கு குடிக்கணும். தண்ணியை உன்கூட விழுந்தவன்தான் மொண்டு வரணும்."

"வேற யாராவது மொண்டா ஆவாதா?"

"வேற யாருக்கு அந்த எடம் தெரியும்?"

எனக்குச் சுருக்கென்றது. டாக்டரம்மா அந்த இடத்துக்குப் போ என்கிறார். பூசாரி அந்த இடத்துத் தண்ணீர் என்கிறார். அவர் "கூட ஒருத்தர்" என்கிறார், இவர் "கூட விழுந்தவன்" என்கிறார். இருவருக்கும் நடுவில் ஒயர் ஓடுகிறது. ஜங்ஷன் பாக்ஸ் கலாவாகத்தான் இருக்க வேண்டும்.

"நீ சொல்லிக் கொடுத்தியா?" என்று வழியில் கேட்டேன்.

"எனக்கு என்னங்க தெரியும்? இந்த வாரத்துல மேட்டூர் அணையை அடைக்கப் போறாங்களாம். அடைச்சா ஆத்துல ஓடுற தண்ணிக்கு ஆனி மாசம்தான். அதுவரைக்கும் இப்படியே குளிக்காம இருக்கப்போறீங்களா?"

குளிக்காமல் என்பது அபாண்டம். சொம்பால் மொண்டு ஊற்றினால் சத்தம் கேட்கிறதென்று, துண்டை நனைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

கலா தம்பிக்குப் போன் போட்டாள். "சரிக்கா" என்றானாம். அவ்வளவு சீக்கிரம் சரி என்றது எனக்குப் பிடிக்கவில்லை.

வியாழக்கிழமை மறுபடி மாடிக்குப் போனேன். மூலை நாற்காலியில் முகத்தைத் துண்டால் மூடி ஒருவர். துண்டுக்கு மேலே நெற்றி நிறையத் திருநீறு. கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"என்ன பூசாரி, கணக்கு ஒப்படைக்க வந்தீங்களா?"

அவர் திடுக்கிட்டார். "நீயா? எனக்குத் தூக்கம் வரல தம்பி. ஆறு மாசமா இந்த அம்மாகிட்டதான் மாத்திரை வாங்கறேன். ஊருல சொல்லிடாத."

"இதை அம்மன்கிட்ட சொல்லலாம்ல?"

"ஊர் பயத்தையெல்லாம் எறக்குறேன்ல, எறங்குனது எங்க போவும்? என் மேலதான் ஏறுது. நான் எங்க போயி எறக்குறது?" கையிலிருந்த டோக்கனைக் காட்டினார். பதினேழு. என்னுடையது பதினெட்டு.

அவர் உள்ளே போனபோது கதவோரம் காதை வைத்தேன். தூக்கத்தைப் பற்றித்தான் பேசினார்கள். அப்படித்தான் பேசுவார்கள், நான் கேட்கிறேன் என்று தெரிந்தால்.

வெள்ளிக்கிழமை காலை செந்தில் வந்தான். மூன்று மாதத்துக்குப் பிறகு வாசல்படி ஏறினான். கையில் பித்தளைச் சொம்பு. கூடத்தில் வைத்துவிட்டு, "தண்ணி மாமா" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் சொம்புக்குள் பார்த்தேன். உள்ளடியில் என் மாமியார் பெயர் வெட்டியிருந்தது. எழுத்தெழுத்தாகப் படிக்க முடிந்தது. தை மாதத்து வெண்ணாற்றுத் தண்ணீரில் உள்ளங்கைகூடத் தெரியாது. பழுப்பும் பாசியுமாக இருக்கும். மோந்து பார்த்தேன். பத்து நாளாக உலகத்தையே சந்தேகப்பட்டதற்கு அப்போதுதான் கூலி கிடைத்தது.

"ஏன்டா, எந்த ஊரு ஆத்துல பிளீச்சிங் பவுடர் போடறாங்க?"

கலா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செந்தில் தரையைப் பார்த்தான்.

"பஞ்சாயத்துக் குழாய்ல புடிச்சேன் மாமா."

"ஏன்? எனக்கு ஆத்துத் தண்ணி கொடுக்கக்கூட உனக்கு மனசு வரலையா?"

"மூணு நாளா போறேன் மாமா. பாலத்துக்கிட்ட வண்டியை நிறுத்திட்டு நிக்கிறேன். கால் எறங்கல. தண்ணிச் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடன்னு..."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "விரல் மரத்துப் போவுதா?"

"ம்."

"மூச்சு உள்ள போயிட்டு வெளிய வரமாட்டேங்குதா?"

"ஆமா. உங்களுக்கு எப்படி மாமா தெரியும்?"

"மூணு நாள் படுத்து ட்ரோபோனின் பார்த்தவன்டா நான்! ஏன்டா பட்டறைக்கு வரல?"

"பட்டறையில மோட்டார் டெஸ்ட் பண்றப்ப தண்ணி கொட்டுமே மாமா. ஆம்பளைப் புள்ள, தண்ணியைக் கண்டு பயமாருக்குன்னு எப்படிச் சொல்றது?"

மூன்று மாதமாக நான் பாடுபட்டுக் கட்டிய வழக்கு அந்த இடத்தில் தள்ளுபடியானது. ஆனால் ஒரு நொடியின் கணக்கு அதில் தீரவில்லை. அதை அவன் ஒருவனிடம்தான் கேட்க முடியும். கலா சொம்புத் தண்ணீரைத் துளசிச் செடியில் கொட்டிவிட்டு, காலிச் சொம்பை என் கையில் திணித்தாள். "ரெண்டு பேருமே போங்க. உச்சிக்குள்ள பூசாரி அரிவாளை அடுப்புல வச்சிடுவாரு."

மறுபடி ஒரே வண்டியில் சேர்ந்து போக இருவருக்கும் துணிச்சல் இல்லை. நடந்தோம். அறுப்புக்கு நின்ற தாளடி நெல் வயல்களுக்கு நடுவே அவன் முன்னால், நான் பின்னால். பாலம் தெரிந்த இடத்தில் என் விரல்கள் மரக்க ஆரம்பித்தன. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன்.

"என்ன மாமா எண்றீங்க?"

"டாக்டரம்மா சொன்னது. நாலு உள்ள, ஆறு வெளிய."

அவனும் சேர்ந்துகொண்டான். வரப்பில் புல் அறுத்த ஒரு பெண் நிமிர்ந்து, "என்னங்க, நிலம் அளக்கறீங்களா?" என்றாள். "ஆமா, எல்லைத் தகராறு" என்றேன். அன்றைக்குச் செந்தில் முதல்முறையாகச் சிரித்தான்.

தண்ணீர் வடிந்து பாலத்துக்கு அடியில் அடங்கி ஓடியது. இத்தனூண்டு ஆறு. பூவரச மரம் அங்கேயே இருந்தது. நான் தொங்கிய கிளை பாதி முறிந்து, முறிந்த இடத்தில் புதுசாகத் துளிர்த்திருந்தது. கரையில் நின்றோம். கேட்பதற்கு என் வாயில் ஒரு நகைச்சுவையும் மிச்சமில்லை.

"செந்திலு. அன்னைக்கு நான் உன் கையை விட்டுட்டேனாடா?"

அவன் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னான்: "நான்தான் உதறிட்டேன்னு நினைச்சிக்கிட்டு இருந்தேன் மாமா. மதகுல தூக்கிப் போட்டப்ப, உங்களை விட்டுட்டு வந்துட்டேன்னுதான் அழுதேன்."

சட்டென்று சொல்லிவிட்டான். அதுதான் இடித்தது. "மோட்டார் நாளைக்கு ரெடியாயிடும்ங்க" என்று விவசாயிகளுக்கு ஆறுதலாகப் பொய் சொல்ல அவனுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான். பொய் சொல்லும்போது மூக்கைத் தொடுவான். தொடவில்லை. சொம்பை வாங்கி இரண்டு கையாலும் பிடித்திருந்ததால் தொட முடியவில்லையோ என்னவோ. இன்றுவரை எனக்குத் தெரியாது.

"கையைப் புடிங்க மாமா, மொள்ளணும்" என்றான்.

ஒரு கையால் பூவரசைப் பிடித்தேன். மறு கையால் அவன் மணிக்கட்டை. அவன் சரிவில் இரண்டு அடி இறங்கிக் குனிந்து, ஓடுகிற தண்ணீரில் சொம்பை எதிர்த்துப் பிடித்தான். பழுப்புத் தண்ணீர், கூடவே ஒரு ஆகாயத்தாமரைத் துணுக்கு. அசல் சரக்கு. என் நெஞ்சில் பேரிங் கத்தியது. நாலு உள்ளே, ஆறு வெளியே. அவன் மேலே ஏறி வந்து என் பக்கத்தில் நின்றான்.

"மாமா."

"என்னடா?"

"மேல வந்துட்டேன். கையை விடுங்க, செருப்பு மாட்டணும்."

"ஒத்தக் கையால மாட்டு" என்றேன்.